ஷேடு போட்டதும் எடுத்ததும்

செங்கல்பட்டில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கு நான் லோகோ செய்து கொடுத்திருக்கிறேன். தாத்தாவின் இரும்புக் கடைக்கு, "ஷேடு இல்லாத எழுத்து செத்த எழுத்துங்கய்யா" என்று சொல்லி, எழுத்துக்குப் பின்னால் கறுப்பு நிழல் போட்டேன். மகன் அதே கடையை ஹார்டுவேர்ஸ் ஆக்கியபோது, "நிழலெல்லாம் அந்தக் காலத்து வேலை சார், எடுத்துருவோம்" என்றேன். இப்போது பேத்தி மாமல்லபுரத்தில் காபிக் கடை வைத்திருக்கிறாள். "அங்கிள், தாத்தா கடையில ஒரு பழைய போர்டு இருந்துச்சே, ஷேடு வெச்சு, அந்த மாதிரி வேணும்" என்றாள். "அதுதாம்மா இப்ப ட்ரெண்டு" என்று நானும் ஒத்து ஊதினேன். மூன்று பேரிடமும் ஒரே உறுதியான முகம். மூன்று பேரிடமும் காசு வாங்கியாயிற்று.

யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் மனசார நம்பித்தான் சொன்னேன். ஒப்புக்கொள்ள வேண்டியது அதைத்தான். என் ரசனை வளர்ந்துகொண்டே போகிறது என்று ரொம்பக் காலம் எனக்கொரு கர்வம் இருந்தது. உண்மையில் அந்த ரசனையை மாற்றிக்கொண்டிருந்தது தகரமும் துணியும் கைப்பேசிக் கண்ணாடியும். லோகோ எதன்மேல் ஏறப் போகிறதோ அது விதி போடும். நாங்கள் அதற்கு ஸ்டைல் என்று பெயர் வைப்போம்.

தொழில் கற்றது மாமாவிடம். அவருடையது போர்டு எழுதும் கடை. கடைக்குப் போர்டு, லாரிக்கு நம்பர், கல்யாண மண்டபத்துக்குப் பெயர், தேர்தல் வந்தால் சுவர். லோகோ என்ற சொல் அங்கே புழங்கியதே இல்லை, 'எம்ப்ளம்' என்பார்கள். ஒரே இழுப்பில் பிரஷ் போக முடியாத கோடு எம்ப்ளத்தில் இருக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம். எனாமல் காய்ந்த பிறகுதான் அடுத்த கலர் வைக்க முடியும் என்பதால், மூன்றாவது கலர் கேட்பவர் ஒரு நாள் கூலி கூடத் தர வேண்டும். பெரும்பாலான முதலாளிகளுக்கு இரண்டு கலரோடு கலைத்தாகம் அடங்கிவிடும். ஷேடு அழகுக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "எழுத்தோட ஓரம் கோணிச்சுன்னா ஷேடு மறைச்சுரும்டா. அதுக்குத்தான்."

அந்தக் காலத்தில் மாமா அதிகம் வரைந்தது எந்தக் கம்பெனியின் சின்னத்தையும் அல்ல. குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தையும் கட்சிச் சின்னங்களையும்தான். தலைகீழாக நிற்கும் அந்த முக்கோணத்தை 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியவர் தீப் தியாகி என்ற அரசு அதிகாரி. சுகாதார நிலையத்துச் சுவரில் அதை வரைய நூலும் சாக்பீசும் ஒரு டப்பா சிவப்பும் போதும். திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் வரைந்தாலும் திண்டுக்கல்லில் ஒருவர் வரைந்தாலும் ஒன்றுபோலவே வரும். கெடுத்துவிட முடியாத வடிவம். இன்றைக்குப் பெரிய டிசைன் நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதி வாங்க முயலும் ஒழுங்கை, அந்த முக்கோணம் மூன்று கோட்டில் வாங்கியது.

தேர்தல் சின்னங்களும் அப்படியே. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களை நம்பி 1951-52 முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, பெட்டிக்குப் பெட்டி படம் தேவைப்பட்டது. தேர்தல் ஆணையத்தில் அப்போது வேலைக்குச் சேர்ந்து 1992 வரை இருந்த எம்.எஸ். சேத்தி என்ற வரைவாளர் அவற்றைப் பென்சிலால் வரைந்து தள்ளினார். பம்பரம், சைக்கிள், குடை, கத்தரிக்கோல். ஒரே நிறம், மேட்டுப்பள்ளமான சுவர், பத்தடி தூரம், படிக்கத் தெரியாத கண். இந்த நான்கு சோதனையையும் தாண்டிய லோகோ இந்தியாவில் வேறு எத்தனை இருக்கும்? மாமாவுக்கு எல்லாக் கட்சியும் சமம். உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் ஒரே கூலி. இலைக்கு நரம்பு வேண்டுமென்றால் தனி.

ஸ்டேட் பாங்கின் நீல வட்டத்தைப் பார்த்து, "இதப் போட்டவன் போர்டு எழுதினவனா இருக்கணும்" என்று அவர் சொல்வார். போட்டவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத், 1971-ல். போர்டு எழுதியவர் இல்லைதான். ஆனால் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சிறு வட்டம், கீழே ஒரு கோடு என்று நின்றதால்தான் ரப்பர் ஸ்டாம்பிலும் செக் புத்தகத்திலும் கிராமத்துக் கிளையின் தகரத்திலும் அது சிதையாமல் நின்றது. 2017-ல் துணை வங்கிகளை இணைத்தபோது எழுத்தைத் திருத்தினார்கள். சாவித் துவாரம் போன்ற அந்த வட்டத்தில் கை வைக்கவில்லை.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. மாமாவின் கடை ஒரே நாளில் மூடவில்லை. லாரி நம்பருக்கும் மெஸ் கரும்பலகைக்குமாகச் சுருங்கியது. நான் டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து கோரல் டிரா கற்றுக்கொண்டேன். ஃபிளெக்ஸில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி; ஒரு நிறமோ ஒரு லட்சம் நிறமோ ஒரே விலை. அத்தனை வருடம் எனாமல் போட்ட கட்டுப்பாடு ஒரு மெஷின் வந்த வேகத்தில் காணாமல் போனது. வெள்ளி மினுமினுப்பு, தங்கச் சாய்வு, எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம், தூக்கி நிறுத்திய முப்பரிமாணம். எல்லாம் போட்டேன். முதலாளிகளுக்கும் பிடித்தது, ஏனென்றால் பணம் கொடுத்தது கண்ணுக்குத் தெரிந்தது.

இ.சி.ஆர். நெடுக ரிசார்ட்டுகள் முளைத்த காலம் அது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: கடற்கரைக் கோயில், ஓர் அலை, பின்னால் சூரியன், முடிந்தால் தென்னை. ஒருவர் கோயிலின் இரண்டு விமானங்களில் சின்னதை எடுத்துவிடச் சொன்னார், "பெரிசு மட்டும் கம்பீரமா இருக்கட்டும்." இன்னொருவர் மூன்றாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார், அவருக்கு மூன்று மகன்கள். பல்லவர் கட்டியதை நான் கணினியில் இடித்தும் கட்டியும் பிழைத்தேன்.

அதில் ஒரு ரிசார்ட்காரர் லோகோவைப் பதிவு செய்யக் கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்துக்கு ஏஜெண்ட் மூலம் போனபோதுதான், லோகோவுக்குச் சட்டப் புத்தகத்திலும் விதி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம், 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சரக்கும் சேவையுமாக 45 வகுப்புகள். ஓட்டலுக்கு 43, கற்சிலைக்கு 19. இணையத்தில் விண்ணப்பித்தால் தனியாளுக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரியவர்களுக்கு 9,000. பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவாகாமலே லோகோவின் மூலையில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடுவது குற்றம். அழகாக இருக்கிறது என்று அதைப் பலர் கேட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஏஜெண்ட் என் கோயிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த ரோட்டுல பாதிப் பேர் இதத்தான் வெச்சிருக்கான். இது எங்களோடதுன்னு எப்படி சார் சொல்லுவீங்க?" ஊருக்கே பொதுவான அடையாளத்தைப் பேருக்குப் பேர் வைத்துக்கொண்டால், யாராலும் யாரையும் தடுக்க முடியாது. சரி, கோபுரம் போடலாமா என்றார் முதலாளி. கோபுரம் போடலாம், தமிழக அரசின் முத்திரைபோல் தோன்றக் கூடாது. அரசுச் சின்னங்கள், ஐ.நா. சின்னம், காந்தி உருவம் என ஒரு பட்டியலை 1950-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு வணிகத்துக்கு மூடிவிட்டார்கள். உலக மரபுச் சின்னத்தின் முத்திரையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர் அடுத்துக் கேட்டார். மாமல்லபுரத்துக்கு 1984-ல் கிடைத்தது அது. அவருடைய நீச்சல் குளத்துக்குக் கிடைக்கவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது.

சட்டத்தின் இன்னொரு பக்கத்தைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. சம்பளத்துக்கு இல்லாமல் வெளியாளாக லோகோ வரைந்து கொடுத்தால், எழுத்தில் மாற்றித் தராத வரை அதன் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருடையது. மாற்றித் தந்தாலும், எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பல வருடங்கள் விசிட்டிங் கார்டு அளவு பில்லில் 'லோகோ டிசைன்' என்று எழுதிக் காசு வாங்கினேன். அந்த முதலாளிகளில் பலருடைய கடை நெற்றியில் இருப்பது இன்னும் என் சொத்து. சண்டைக்குப் போகிற உத்தேசம் எதுவும் இல்லை. ஆனால் பேரம் பேசிக் கடைசி ஐநூறைக் குறைக்கும்போது மனசுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி இருந்தது உண்மை.

மறைமலை நகர், மகிந்திரா வேர்ல்டு சிட்டி பக்கம் வேலை கிடைக்க ஆரம்பித்தபோது வேறொரு உலகம். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறைக்குப் போர்டு. அதில் பெரிய கம்பெனியின் லோகோவும் வர வேண்டும் என்பதால் ஒரு கையேடு கொடுத்தார்கள், புத்தகம்போல. லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும், எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே சுருக்கக் கூடாது, எந்த எண் நீலம். கடைசியில் 'செய்யக் கூடாதவை' என்று ஒரு பக்கம்: இழுக்காதே, சாய்க்காதே, நிழல் போடாதே, ஒளிவட்டம் வைக்காதே, படத்தின் மேல் ஒட்டாதே. என் அதுவரையான வேலை முழுவதையும் யாரோ படம் பிடித்து மேலே பெருக்கல் குறி போட்டதுபோல் இருந்தது.

எங்கள் பக்கத்து ஆலைகளின் சின்னங்களைத் துருவிப் படித்தது அதற்குப் பிறகுதான். வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் கார் கோர்க்கும் பி.எம்.டபிள்யூ.வின் வட்டம் விமானத்தின் சுழல்விசிறி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அது 1929-ல் வந்த ஒரு விளம்பரம் கிளப்பிய கதை. நீலமும் வெள்ளையும் பவேரியா மாநிலத்தின் நிறங்கள். 1917-ல் பதிவு செய்தபோது, அரசின் சின்னங்களை வணிக முத்திரையில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டுத் தப்பித்தார்கள். அதாவது நம் 1950 சட்டத்தோடு ரிசார்ட்காரர் முட்டிக்கொண்ட அதே சுவர், வேறு ஊரில்.

ஃபோர்டின் கதை இன்னும் பிடிக்கும். 2006-ல் அந்தக் கம்பெனி சுமார் 2,350 கோடி டாலர் கடன் திரட்டியபோது, அடமானம் வைத்த சொத்துகளில் நீல ஓவல் சின்னமும் ஒன்று. வீட்டில் நகையை மார்வாடி கடையில் வைப்பதுபோலத்தான். 2012 மே மாதம்தான் மீட்டார்கள். மறைமலை நகரில் ஓடிய கார்களின் மூக்கில் அத்தனை வருடம் இருந்தது அடகுச் சின்னம் என்பது இங்கே டீக்கடையில் யாருக்கும் தெரியாது. பிறகு 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையே கார் செய்வதை நிறுத்தியது. சுற்றுப்பட்டுப் பட்டறைகள் பலவற்றில் நான் செய்த போர்டுகளில் புதுப் பெயர் ஒட்டும் வேலையும் எனக்கே வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை.

அதற்குள் உலகமே நிழலை எடுத்துக்கொண்டிருந்தது. 2012-ல் மைக்ரோசாஃப்ட், 2013-ல் ஐபோனின் திரை, 2015-ல் கூகுள். தட்டையாக்கு, மெலிதாக்கு, எழுத்தின் வால்களை வெட்டு. இதைப் பெரிய தத்துவம்போல நானும் பேசினேன்: "குறைவே நிறைவு சார்." கூகுள் சொன்ன காரணம் எனக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. பழைய லோகோவின் கோப்பு ஏறக்குறைய 14,000 பைட். புதியதை 305 பைட்டில் அடக்க முடிந்தது. மெதுவான இணைப்பில், மலிவான கைப்பேசியில், சின்னத் திரையில் வேகமாக வர வேண்டும். அவ்வளவுதான். பி.எம்.டபிள்யூ. 2020-ல் வட்டத்தைத் தட்டையாக்கியபோதும், அது விளம்பரத்துக்கும் திரைக்கும்தான், காரில் ஒட்டும் பட்டயம் பழையபடியே இருக்கும் என்றது. உலோகத்துக்கு ஒரு விதி, கண்ணாடிக்கு ஒரு விதி. லண்டன் ஆடை நிறுவனமான பர்பரி 2018-ல் தன் எழுத்தின் வால்களை வெட்டிவிட்டு, எல்லாக் கடையும் ஒரே மாதிரி ஆனதும் 2023-ல் திரும்ப வைத்துக்கொண்டது. காபிக் கடைப் பெண்ணின் தாத்தா போர்டு ஆசையும் அந்த அலையின் நுரைதான்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறைக்க வைத்தது ஒரு பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. கேரி பேக் போனது. ஒரு இனிப்புக் கடைக்கு நான் செய்திருந்த லோகோவில் தங்கச் சாய்வு, நெய் சொட்டுவதுபோல் பளபளப்பு, பக்கத்தில் மெல்லிய கோட்டில் ஒரு மயில். பிளாஸ்டிக் பையில் அது ஜொலித்தது. துணிப் பைக்கு மாறியதும் ஸ்கிரீன் பிரிண்டிங் பையன் போன் செய்தான்.

"அண்ணே, இதுல எத்தன கலர்?"

"ஏன்டா, நிறைய."

"ஒரு கலருக்கு ஒரு ஃபிரேம்ணே. பையோட விலையே அவ்வளவு இல்ல. மயில் கோடெல்லாம் துணியில ஊறிப் பரவுது, காக்கா மாதிரி வருது."

மாமா அப்போது கண் மங்கி வீட்டோடு இருந்தார். சோதனைப் பையைத் தடவிப் பார்த்து, "மூணு கோடு எடு, மிச்சத்தத் தடிமனாக்கு" என்றார். சொன்னபடி செய்தேன். மயில் மயிலாக வந்தது. இனிப்புக் கடைக்காரர் பையைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, போர்டையும் இப்படியே மாத்திருவமா?" என்றார். அவரிடம் நான் உலக ட்ரெண்டையும் கூகுளையும் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். காரணம் பைதான் என்று சொல்ல வாய் வரவில்லை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது, மஞ்சள் துணியில் எந்த நிறம் எடுக்கும் என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் வரிசை கட்டினார்கள். சிவப்பும் கறுப்பும் எடுக்கும். மாமாவின் டப்பாக்கள்.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான அக்கறை.

தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது கடைகள், நிறுவனங்கள் விதிகளில் உண்டு. தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, பிற மொழி இரண்டு என்று அளவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என்னிடம் வரும் லோகோக்களில் பாதி, சென்னையிலோ பெங்களூரிலோ ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழ்ப் பெயரை மேலே எங்கேயாவது ஏதாவது ஒரு ஃபாண்டில் ஒட்டிவிடுங்கள் என்பார்கள், ஆய்வாளர் வருகிறார் என்ற அவசரத்தில். ஆங்கிலத்துக்கு மாதக்கணக்கில் யோசித்த வடிவம். தமிழுக்கு ஸ்ரீலிபி எழுத்துருத் தொகுப்பில் முதலில் கிடைத்தது. ஒரே நெற்றியில் மாப்பிள்ளையும் வேலைக்காரனும் நிற்பதுபோல் இருக்கும். நானும் அப்படி நிறைய ஒட்டியிருக்கிறேன்.

தமிழில் லோகோ எழுதுவது கஷ்டம் என்பது உண்மை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் செங்கல் அடுக்கியதுபோல் ஒரே உயரம். தமிழில் 'தி' மேலே கொம்பு நீட்டும், 'கு' கீழே வால் விடும், 'ண' இரண்டு பேர் இடத்தில் உட்காரும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி புள்ளி. வாட்ஸப் வட்டத்துக்குள் லோகோவைச் சுருக்கினால் முதலில் மறைவது அதுதான். எல்.இ.டி. போர்டில் அக்ரிலிக் வெட்டி எழுத்து ஒட்டும்போது புள்ளி தனித் துண்டு. இரண்டு மழைக்காலம் போனால் விழுந்துவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்து பாருங்கள், 'ஸ்டோரஸ', 'மெடிககலஸ' என்று எத்தனை புள்ளி இழந்த கடைகள். நான் இப்போது புள்ளியை எழுத்தோடு ஒரு சிறு பாலம் வைத்து ஒட்டிவிடுகிறேன், அல்லது மேல் கோட்டிலேயே ஒரு பள்ளமாகக் குடைந்துவிடுகிறேன். தமிழாசிரியர் ஒருவர் கண்டித்தார். மழை பெய்து முடியட்டும், பேசுவோம் என்றேன்.

மாமா 'லை', 'னை' எழுதும்போது முன்னே தனியாக இரட்டைக் கொம்பு போட மாட்டார்; பழைய மாதிரி மேலே யானைத் தும்பிக்கையாகச் சுழற்றிவிடுவார். 1978-ல் அரசாணை போட்டு, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் பள்ளிக்கும் அரசுக்கும் வந்துவிட்டது என்றால், "புதுசு ஓர் எழுத்து இடம் கூடத் தின்னுது, தகரத்துக்கு யாரு காசு குடுக்கறது?" என்பார். இப்போது பழமை வேண்டும் என்கிறவர்கள் அந்தத் தும்பிக்கையைத் தேடி வருகிறார்கள். நல்லவேளையாக எழுத்துருக்களும் மாறிவிட்டன. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரன்', இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'பவனம்', ஏக் டைப் குழுவின் 'பலூ தம்பி', 'முக்த மலர்' எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. முத்து நெடுமாறன் மலேசியாவில் இருந்து செய்த தமிழ் எழுத்துகள் ஆப்பிள் கருவிகளில் இருக்கின்றன. தமிழைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்பதற்கு இனிச் சாக்கு இல்லை. 2025-ல் பட்ஜெட் முத்திரையில் தமிழக அரசு 'ரூ' எழுத்தைப் போட்டபோது நாடு முழுக்கச் சண்டை நடந்தது. 2010-ல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமாரும் தமிழர்தான். அரசியலை விடுங்கள், ஒரு 'ரூ' எவ்வளவு கட்டாக ஒரு சின்னமாக உட்காருகிறது என்றுதான் நான் அன்றைக்குப் பார்த்தேன்.

இரு மொழிப் பலகை என்ற தலைவலிக்கு இந்தக் கடற்கரையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்குப் பக்கத்தில் அதிரணசண்ட மண்டபம். சுற்றுலாக்காரர்கள் புலிக்குகையில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்தில் வடமொழிச் செய்யுள்கள். எதிர்ச் சுவரில் அவையே நாகரியில். ஒன்றின் கீழ் ஒன்றைச் சுருக்கித் திணிக்கவில்லை. ஒவ்வொரு லிபிக்கும் ஒரு சுவர், அதனதன் நடை. ஐந்து, மூன்று, இரண்டு என்று அளவு பிரிக்க வேண்டிய அவசியம் ராஜாவுக்கு இல்லைதான். இருந்தாலும் இரண்டு எழுத்தையும் ஒரே கையாக மதித்துச் செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு, ஆங்கில லோகோவுக்குத் தமிழை ஒட்டச் சொல்லி வருகிறவர்களிடம் முதலில் தமிழை வரைந்து காட்டிவிட்டு, ஆங்கிலத்தை அதற்கேற்ப இழுக்கிறேன். சில பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

இப்போது போகிறவர்களுக்கு வேறு கடையும் இருக்கிறது, கைப்பேசியிலேயே. நாலு வார்த்தை சொன்னால் செயற்கை நுண்ணறிவு நாற்பது லோகோ கொடுக்கிறது. அதில் வரும் கடற்கரைக் கோயில் பார்க்க வேண்டும்: பாங்காக் கூரை, கேரளத்து விளக்கு. "இத அப்படியே கோரல்ல போட்டுக் குடுங்க, டிசைன்தான் ரெடியா இருக்கே" என்று கூலியைப் பாதியாக்குகிறார்கள். அந்த மெஷினுக்கும் என் ஃபிளெக்ஸ் காலத்துக்கும் ஒரே வியாதி: எதுவும் கஷ்டமில்லை, அதனால் எல்லாமும் இருக்கும்.

கடைசியாகச் செய்த பெரிய வேலை ஒரு கல் சிற்பிக்கு. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரியில் படித்தவர், பட்டறை வைத்திருக்கிறார். இந்த ஊர்க் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த வருடமே அதற்கென்று நாடு முழுக்க ஒரு பொது லோகோவும் வந்தது. ஆனால் அது எல்லாருக்குமானது. "என் பட்டறைக்குன்னு ஒண்ணு வேணும் தம்பி" என்றார். நான் நோட்டை எடுத்து எதிலெல்லாம் வரும் என்று கேட்டேன். சிலையின் பீடத்தில் உளியால் வெட்ட வேண்டும். வெளிநாடு போகும் மரப் பெட்டியில் தகர ஸ்டென்சில் வைத்து அடிக்க வேண்டும். பில், இன்ஸ்டாகிராம், மகன் போடும் டீ-சர்ட்.

பல்லவர் செப்பேட்டு வளையத்தின் காளை முத்திரையை மனசில் வைத்து, நின்ற காளை ஒன்றை வரைந்து கொண்டுபோனேன். திமிலிலிருந்து வால் வரை ஒரே கோடு. எனக்குப் பெருமையாக இருந்தது. சோழர்கள் தங்கள் முத்திரையில் புலியோடு பாண்டியன் மீனையும் சேரன் வில்லையும் சேர்த்துக்கொண்டார்கள், கம்பெனியை வாங்கினால் லோகோவையும் வாங்கியதுபோல. பல்லவர் அப்படி நெருக்கவில்லை என்று விளக்கமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே காவிக் கட்டியை எடுத்துக் கருங்கல்லில் என் காளையை வரைந்தார். வால் நுனியில் நிறுத்தினார்.

"இந்த இடம் உடையும். இவ்வளவு சன்னமா நின்னா கல்லு தாங்காது."

வாலை உடம்போடு ஒட்டினார். நான்கு காலை இரண்டாக்கினார். கொம்புக்கு நடுவே நான் விட்டிருந்த இடைவெளி ஸ்டென்சிலில் மை கசியும் என்று பெட்டி அடிக்கும் பையன் சொன்னதும் அதையும் அடைத்தார். பிறகு உளியை எடுத்து ஒரு மூலையில் வெட்டிப் பார்த்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் காளை. கைப்பேசியில் படம் எடுத்து விரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் காளை. நான் அதையே படம் பிடித்து வந்து கோரலில் கோடு இழுத்து, எழுத்தைத் தமிழில் புள்ளி ஒட்டிய மாதிரி வரைந்து முடித்தேன். இந்தத் தடவை பதிப்புரிமையை, அதன் காலம் முழுவதற்கும் என்று குறிப்பிட்டே, அவருக்கு மாற்றித் தருவதாக எழுதியும் கொடுத்தேன்.

பில்லைப் பார்த்தார். "பாதி நான்தான வரைஞ்சேன்?" என்றார். வாதாட ஒன்றும் இல்லை. பாதி வாங்கிக்கொண்டேன்.